விபோர்க் ஏரிக்குள் போன தோட்டாப் பெட்டி

கப்பல் ஆட ஆரம்பித்ததும் என் கைப்பையில் இருந்த இஞ்சி மிட்டாய் முழுவதும் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, கடலைப் பார்த்தே வளர்ந்தவள், வட கடல் என்னை என்ன செய்துவிடும் என்று லண்டனில் வீறாப்புப் பேசிவிட்டு வந்திருந்தேன். அது என்னை ஈரத் துணி பிழிவதுபோல் பிழிந்து டென்மார்க் கரையில் போட்டது.

நான் போனது என் தங்கை ஜெசிந்தாவைப் பார்க்க. கல்யாணம் முடிந்த கையோடு அவளுடைய மனிசன் ராஜன் ஊரைவிட்டு வெளிக்கிட்டு டென்மார்க்கில் அகதியாகப் பதிந்தவர். குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அந்த நேரம் பார்த்து, எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை அமைச்சில் எடுத்துப் பார்க்காமலே அமுக்கி வைத்துவிட்டார்கள். இவள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் வருசக்கணக்காகக் குந்தியிருந்தாள். பிறகு சங்கதி வெளியில் வந்து, நாடே அல்லோலகல்லோலப்பட்டு, விசாரணை நடந்துகொண்டிருந்த காலம் அது. டெனிஷ் பத்திரிகைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் பெயர் வரும். அந்தக் கலவரத்துக்குள் ஜெசிக்கு எப்படியோ விசா கிடைத்து, அவள் விபோர்க் நகரத்துக்கு வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பிரஷர் குக்கர், கறித்தூள், கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

டென்மார்க் ரயில்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஒரு திசைக்கும் மறு பாதி இன்னொரு திசைக்கும் போகும். ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், டெனிஷில் சொன்னது எனக்கு எப்படி விளங்கும்? நான் ஏறியிருந்த பாதி கோப்பன்ஹேகன் பக்கம் கிளம்ப ஆயத்தமாக நின்றபோது, எதிரில் இருந்த பியர் மணக்கிற கிழவர் என் டிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் என் பிரஷர் குக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஓடினார். நான் கள்ளன் கள்ளன் என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் பெட்டியை முன் பாதிக்குள் ஏற்றி, என்னையும் தள்ளி ஏற்றிவிட்டுத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். தமிழில் கத்தினது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

வைலேயில் இன்னொரு ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒரு சிவப்புச் சொசேஜ் வாங்கிச் சாப்பிட்டேன். சாயம் போட்ட சிவப்பு. மேலே பொரித்த வெங்காயமும் சீனி போட்ட கெக்கரிக்காயும். லண்டனில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான், சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். இன்னொன்று வாங்கினேன்.

ஜெசி ஸ்டேசனில் ராஜனின் பெரிய கோட்டுக்குள் நின்றாள். கட்டிப்பிடித்தபோது உள்ளே எலும்பு மட்டும்தான் இருப்பதுபோல் இருந்தது. ராஜன் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை, வாட்டசாட்டமாக இருந்தார். "மச்சாள், கப்பல் எப்பிடி?" என்று கேட்டார். "கப்பலுக்கு ஒண்டுமில்லை தம்பி, நான்தான் சரியில்லை" என்றேன்.

அடுத்த நாள் முழுவதும் சாப்பாடும் கதையும்தான். கறுப்பு ரொட்டி, ஈரல் பசை, சீனித் தண்ணீரில் ஊறிய ஹெரிங் மீன். மீனுக்குச் சீனி போடுகிற சனத்தை அன்றுதான் கண்டேன். ஜெசி அதன்மேல் மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தாள், அதற்குப் பிறகு வாயில் வைக்க முடிந்தது.

ஆனால் அவளைப் பார்க்க எனக்கு மனம் பதைத்தது. கீழ் வீட்டுக்காரன் கார்க் கதவை அடித்துச் சாத்தினான். கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு இவள் மேசைக்குக் கீழே போய்விட்டாள். போனவள் தானே எழும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் கரண்டியைக் கழுவினாள். ஒரு வெடி கேட்டால் அடுத்தது எந்தப் பக்கம் என்று காது பார்த்துக்கொண்டே இருக்குமாம். "எங்கட ஊரிலை வெடி தனிய வராதெல்லே அக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் ராஜனுடைய சிநேகிதர் ஸ்வென் வந்தார். தொழிற்சாலையில் ராஜனுக்கு மேற்பார்வையாளர், ஊர் எல்லையில் சின்னக் காணியும் வீடும் உள்ளவர். ஜெசியின் விசாவுக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ராஜனுடன் அலைந்த மனிசன். மே மாதத்தின் நடுவில் கிடாய் மான் வேட்டை தொடங்குகிறது, அதற்கு முன் துவக்கைக் குறி பார்த்துச் சரிசெய்ய வேண்டும், ஆனால் அவருடைய வாகனம் பழுதாகிக் கராஜில் நிற்கிறது. ராஜன் தன் காரில் சூட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். சும்மா இருந்து ஹெரிங் தின்பதைவிட இது மேல் என்று நானும் ஏறிக்கொண்டேன். ஜெசி வரமாட்டேன் என்றுவிட்டாள். உறைக்குள் இருந்த துவக்கைக் கண்டதுமே அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்வென் என்னைப்போலத்தான் இங்கிலிஷ் பேசினார், அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. அவருக்கு வேட்டைச் சட்டம் எங்கள் பக்கத்து மீன்பிடிச் சம்மாட்டிமாருக்கு வலைக்கண் மாதிரி, வாயைத் திறந்தால் அதுதான். ஆட்டுக்குட்டி அளவான சின்ன மானுக்கு ஒரு விதி, பெரிய கொம்புச் செம்மானுக்கு வேறு விதி. பறவை முயலுக்கு வைத்திருக்கிற சின்ன ரைபிளால் மானைச் சுடவே கூடாது. தோட்டாவின் முனையில் இருந்து பாய்கிற சன்னம் இவ்வளவு பாரத்துக்குக் குறையக் கூடாது, நூறு மீட்டர் தூரம் போன பிறகும் இவ்வளவு வேகத்தோடு அடிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்களாம்.

"துவக்கு வாயில் அல்ல, மான் நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். வலி மானுக்குத்தானே" என்றார்.

அவரிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றைத் திறந்து ஒரு தோட்டாவை என் கையில் வைத்தார். முழுவதும் செம்பு மூடிய, கூரான, பளபளத்த சன்னம். இது அட்டையைச் சுடுவதற்கு மட்டும், இதால் மானைச் சுட்டால் சட்ட விரோதம் என்றார். மற்றப் பெட்டியில் இருந்ததற்கு நுனி மொட்டையாக, ஈயம் தெரிந்தது. அதுதான் மானுக்கு.

ஏன் என்று கேட்டேன்.

"செம்பு மூடினது உள்ளே போய் அப்படியே வெளியே போய்விடும். மான் காயத்தோடு ஓடும், பற்றைக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகும். ஈய நுனி உடம்புக்குள் விரியும். மான் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னே முடிந்துவிடும்." பிறகு அவர் சிரித்தார். "நான் கட்டாய ராணுவ சேவை செய்தபோது இதையே மாற்றிச் சொல்லித் தந்தார்கள். ஆளைச் சுட இந்த ஈய நுனி கூடாது, செம்பு மூடினதுதான் வேண்டும் என்று."

அந்தத் தோட்டாவை நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பீற்றர் மாஸ்டரின் சுவரையும் தொடையையும் துளைத்துக்கொண்டு போனது இந்தப் பளபளத்த சாதிதான். ஊரடங்குக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அந்த மனிசன் அணு அணுவாகச் செத்தார். ஒரு மான் அப்படிச் சாகக் கூடாது என்று ஒரு நாடு உட்கார்ந்து யோசித்துச் சட்டம் எழுதியிருக்கிறது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அந்தச் சட்டத்தைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் ஸ்வெனுக்கு என் இங்கிலிஷில் சொல்ல முடியாது என்பதால் மூக்கைச் சிந்திவிட்டுத் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு பூசைக்குப் போவதற்காக ஜெசி காரைக் கூட்டித் துடைக்கப் போனாள். ராஜன் வேலைக்குப் போய்விட்டார், நான் ஒடியல் கூழுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தவளின் சப்பாத்தெல்லாம் ஈரம். நேரே போய் அந்தோனியார் படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் இருந்தாள். நானும் பக்தி என்று நினைத்துக் கூழைக் கிண்டினேன்.

பின்னேரம் ராஜன் வந்ததும் ஸ்வென் டெலிபோன் எடுத்தார். ஈய நுனித் தோட்டாப் பெட்டி ஒன்றைக் காணவில்லையாம். உன் காரில் விழுந்ததோ, அல்லது மைதானத்து வாசலில் விழுந்ததோ தெரியவில்லை. காரைப் பார், இல்லையென்றால் நாளைக்குப் போலீசுக்குச் சொல்ல வேண்டும், எங்காவது பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஆபத்து என்றாராம். ராஜன் கீழே போய்த் தேடிவிட்டு வந்தார்.

"ஜெசி, காருக்குள்ளை ஒரு பெட்டி கண்டனீரே?"

"நான் ஒண்டும் காணேல்லை" என்றாள் ஜெசி, படத்தைப் பார்த்தபடி.

நான் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். "என்னடி செய்தனி?"

"சீற்றுக்குக் கீழை கிடந்ததக்கா. திறந்து பாத்தன். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. பையுக்கை கட்டிக் குளத்துக்கை எறிஞ்சு போட்டன்."

கேட்டால் பைத்தியக்கார வேலை. ஆனால் அவள் செய்தது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஊரில் வீட்டுப் பின்வளவில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோது கிடந்தாலும் ஆமி வருவதற்கு முன் கிணற்றுக்குள் போடுகிறவர்கள் நாங்கள். எவன் போட்டான், எவன் சுட்டான் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வளவில் கிடந்ததோ அந்த வீட்டு ஆம்பிளையைக் கொண்டுபோவார்கள். விபோர்க்கில் கிணறு இல்லை, ஏரி இருந்தது.

அதுவும் பாருங்கள், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோனியாரிடம் போய், இதைக் கண்டுபிடிக்க விடாதே என்று நேர்ந்தவள் உலகத்திலேயே என் தங்கை ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ராஜனிடம் நான்தான் சொன்னேன். அவர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். "இப்ப எல்லாற்றை கண்ணும் எங்களிலைதான் மச்சாள். தமிழ் ஆக்கள் தோட்டா எடுத்ததெண்டு பேப்பரிலை வந்தா? அவவின்ரை விசா இன்னும் சூடாறேல்லை. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்." ஜெசி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் காத்திருந்து வந்தது ஒரு தோட்டாப் பெட்டியோடு போய்விடப் போகிறதா என்று எனக்கும் பயம் வந்தது.

மூச்சுக் காட்டாமல் இருந்துவிடலாம் என்று ராஜன் ஒரு தடவை சொன்னார். ஜெசிதான் வேண்டாம் என்றாள். "அவர் எனக்காக எத்தினை கந்தோர் ஏறினவர். இல்லாத பெட்டியை அந்த மனிசன் றோட்டெல்லாம் தேடப்போறார். நான் வாறன், நானே சொல்லுறன்."

ஞாயிறு பூசைக்குப் போகாமல் ஸ்வென் வீட்டுக்குக் கிளம்பினோம். ஜெசி சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கைப்பை புடைத்திருந்தது. என்ன என்று திறந்து பார்த்தேன். மாற்றுடுப்பு, துவாய், பற்தூரிகை, செபமாலை. பிடித்துக்கொண்டு போனால் உடனே கொடுக்க வேண்டிய சாமான் என்று ஊரில் நாங்கள் கட்டி வைத்திருந்த அதே பொட்டலம். நான் சிப்பை இழுத்து மூடினேன்.

ஸ்வென் முற்றத்தில் நின்று கேட்டார். ராஜன் சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு பக்கமும் அசையவில்லை. கடைசியில் டெனிஷில் ஏதோ சொன்னார், ராஜன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "ஏரியில் கிடப்பதை விட முடியாது. பிள்ளைகள் குளிக்கிற இடம். போலீசைக் கூப்பிடத்தான் வேண்டும்." அவர் வீட்டுக்குள் போய் டெலிபோன் எடுத்தபோது ஜெசி என் கையை இறுக்கிப் பிடித்த அடையாளம் லண்டன் வரும்வரை இருந்தது.

ஏரிக்கரையில் ஒரேயொரு போலீஸ்காரர், மீசை வைத்த ஆள், ஐஸ்கிரீம் நிறத்தில் ஒரு சின்னக் கார். எந்த இடம் என்று கேட்டார். ஜெசி கையை நீட்டினாள். ஸ்வென் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டு, தோட்டம் வாருகிற முள்வாரியோடு தண்ணீருக்குள் இறங்கினார். போலீஸ்காரர் கரையில் நின்று இடப்பக்கம், வலப்பக்கம் என்று கட்டளை போட்டார். நாய் கொண்டு நடந்துவந்த இரண்டு பொம்பிளைகள் நின்று பார்த்தார்கள். "மீன் பிடிக்கிறார்களா?" என்று ஒருத்தி கேட்க, "முள்வாரியாலா?" என்று மற்றவள் சொன்னாள் என்று ராஜன் பிறகு சொன்னார்.

பை நாணலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. கைக்குட்டை எறிகிற தூரம்கூட இல்லை. என் தங்கையின் பலம் அவ்வளவுதான்.

போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துச் சன்னத்தின் நுனியைப் பார்த்தார். ஈய நுனிதான், சட்டப்படி மானுக்கு உரியது. தலையை ஆட்டினார். பிறகு திரும்பிப் பேசத் தொடங்கினார். குரல் உயர்ந்தது. ஜெசி கண்ணை மூடிக்கொண்டு செபமாலையைத் தேடினாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போலீஸ்காரர் ஏசிக்கொண்டிருந்தது ஸ்வெனை. அந்தப் பெரிய மனிசன் தண்ணீர் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடப் பொடியன்போல் தலையைக் குனிந்து நின்றார்.

"உவர் ஏன் ஸ்வெனை ஏசுறார்?" என்று ஜெசி மெல்லக் கேட்டாள்.

"தோட்டா அவற்றை. ஆரின்ரை கையிலும் படாமல் வைக்கிறது துவக்குக்காரற்றை பொறுப்பாம். கண்டெடுத்த ஆளிலை என்ன பிழை எண்டு கேக்கிறார்" என்றார் ராஜன்.

அவள் அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். ராஜன் சொன்னார். போன உயிர் திரும்பி வருவது என்று சும்மா சொல்லுவோமே, அன்றைக்கு அது வருவதை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

போலீஸ்காரர் ஸ்வெனைக் கடும் எச்சரிக்கையோடு விட்டார். தண்ணீர் குடித்த தோட்டாவால் மானைச் சுட்டால் சரியாக வெடிக்காது, மான் காயத்தோடு ஓடிவிடும் என்று சொல்லிப் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். போகும்போது ஜெசியிடம் ஒரு கேள்வி கேட்டார், ஏன் ஏரியில் போட்டாய் என்று. ஜெசி நேரே அவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "எங்கட ஊரிலை கிணத்துக்கை போடுவம். ஆமி கண்டால் மனிசரைக் கொண்டுபோயிடும்."

ராஜன் அதை டெனிஷில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, திரும்பத் தொடங்கிச் சொன்னார். போலீஸ்காரர் கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். "அடுத்த முறை எங்களுக்கு டெலிபோன் எடுங்கள்" என்றார். "நாங்கள் வந்து தோட்டாவைத்தான் கொண்டுபோவோம்."

வீட்டுக்கு வந்து பழைய கூழைச் சூடாக்கிக் குடித்தோம். பற்தூரிகையை எடுத்துக் குளியலறையில் வைத்த பிறகுதான் ஜெசி சாப்பிட உட்கார்ந்தாள். மூன்று கோப்பை குடித்தாள். ஸ்வென் புதுப் பெட்டி வாங்கித் திரும்பவும் குறி பார்க்கப் போனார், இந்த முறை கராஜில் இருந்து மீண்ட தன் சொந்த வாகனத்தில்.

நான் புறப்படுகிற நாளும் மான் வேட்டை தொடங்குகிற நாளும் ஒன்றாக வந்தது. காலைச் சாப்பாட்டுக்குத் தங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஸ்வெனின் மனைவி இங்கா சொல்லியனுப்பியிருந்தார். சட்டப்படி சூரியன் எழும்புகிற நேரத்தை ஒட்டித்தான் சுடலாமாம், அந்த நாட்டில் அந்த மாதத்தில் சூரியன் விடியாத சாமத்திலேயே எழும்பிவிடுகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு போனோம். ராஜன் ஸ்வெனுடன் காட்டுக்குப் போய்விட்டார். மானை உரிக்கப் பன்றி உரிக்கிறவரைவிட வேறு யார் வேண்டும்?

நாங்கள் மூன்று பொம்பிளைகளும் சமையலறையில் இருந்தோம். சூடான சின்ன வட்டப் பாண் ரொட்டி, சீஸ், இங்கா செய்த ஜாம், கோப்பி. வேட்டைக்காரர் திரும்பி வந்ததும் குடிக்க என்று ஒரு கசப்புச் சாராயமும் மேசையில் நின்றது. நான் முதலில் ருசி பார்த்தேன், இருமலுக்குக் குடிக்கலாம். யன்னலுக்கு வெளியே புல்லில் பனி, அதற்கப்பால் மரங்கள். இங்காவுக்கும் ஜெசிக்கும் பொதுவாக ஒரு பாசை இல்லை, ஆனாலும் ஜாம் எப்படிக் காய்ச்சுவது என்று கையாலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெடி கேட்டது.

ஜெசியின் கையில் இருந்த கத்தி தட்டில் விழுந்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடம்பு பாதி கீழே போய்விட்டது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். இங்கா பட்டர் பூசுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

ஜெசி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். நானும் கேட்டேன். தூரத்தில் ஒரு காகம், கோப்பிப் பாத்திரத்தின் கொதிப்பு. வேறொன்றும் இல்லை.

"அவ்வளவுதானோ அக்கா?"

"ஓம். அவ்வளவுதான்."

இன்னும் கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு மேசையை விட்டுவிட்டு, கதிரையை இழுத்து நேராக இருந்தாள்.

"அந்தப் பட்டரை இஞ்சாலை தள்ளுங்கோ" என்றாள்.